ஐந்து லட்சம் ரூபாய் சமரசத்தை ஏற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. டைல்ஸ் ஒட்டும் வேலையில் மாதம் சுமார் 20,000 ரூபாய் ஈட்டிவந்தேன். பின்னால் வந்த லாரி என் பைக்கில் மோதியதில் வலது முழங்கால் மூட்டை ஒட்டி எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். காலில் 30 சதவீத நிரந்தர இயலாமை என மருத்துவர் சான்று தந்துள்ளார். இழப்பீட்டு வழக்கு நடந்துவரும் நிலையில், மக்கள் நீதிமன்றத்தில் எல்லாம் சேர்த்து 5 லட்சம் தருவதாக லாரியின் காப்பீட்டு நிறுவனம் கூறுகிறது. ஏற்கலாமா? வழக்கறிஞரிடம் என்னை அழைத்துச் சென்றவர் வரும் பணத்தில் 30 சதவீதம் கேட்பது முறையா?

பதில்: இப்போது சொல்லப்படும் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம், ஆனால் பேச்சுவார்த்தையிலிருந்து விலகவும் வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் அந்த 5 லட்சத்தை எப்படிக் கணக்கிட்டிருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

நிரந்தர இயலாமையால் ஏற்படும் வருமான இழப்பைக் கணக்கிட உச்ச நீதிமன்றம் வகுத்த முறை ஒன்று உண்டு. 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உறுதிசெய்யப்பட்ட அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கெண் (ஓராண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண்) 16. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குட்பட்டவராயின், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கின் தீர்ப்பு. அது உயிரிழப்பு வழக்காக இருந்தாலும், நிரந்தர இயலாமை வழக்குகளுக்கும் இவ்வுயர்வு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்தியது. ஆக வயதையும் பெருக்கெண்ணையும் பற்றி யாரும் வாதிடப்போவதில்லை. தகராறெல்லாம் உங்கள் மாத வருமானம் எவ்வளவு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்ற இரண்டு எண்களில்தான்.

வருமானத்துக்கு ஆவணம் இல்லையென்று 12,000 ரூபாயாகக் குறைத்து, காலுக்குரிய 30 சதவீதம் முழு உடலுக்கு 15 சதவீதம்தான் என்று வைத்துக் கணக்கிட்டால் (வருமானத்துடன் 40 சதவீதம் சேர்த்து, 12 மாதத்தாலும் 16-ஆலும் பெருக்கி, அதில் 15 சதவீதம்), வருமான இழப்பு 4,83,840 ரூபாய் வருகிறது. உங்களிடம் சொல்லப்பட்ட தொகை இதை ஒட்டியே இருக்கிறது. மருத்துவச் செலவு, வலி, பிளேட்டை எடுக்கும் அடுத்த அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அதே கணக்கில் 20,000 ரூபாயையும் 30 சதவீதத்தையும் இட்டால் 16,12,800 ரூபாய் வரும். அதே கால், அதே சட்டம். வேறுபடுவது நிரூபணம் மட்டுமே.

இரண்டில் முக்கியமான எண் சதவீதம்தான் என்பது என் கருத்து. மருத்துவர் எழுதும் இயலாமை வேறு, தொழில்திறன் இழப்பு வேறு என்பதை 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியிருக்கிறது: இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய இழப்பு ஏறத்தாழ முழுமையானது, அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரக்கூடும். டைல்ஸ் ஒட்டுபவர் நாள் முழுதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தும் முழந்தாளிட்டும் வேலை செய்பவர். முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, குத்துக்காலிட்டு உட்கார முடிகிறதா, எடை தூக்க முடிகிறதா என்பவை சான்றிதழில் இல்லையென்றால், சிகிச்சை அளித்த மருத்துவரைச் சாட்சியாக விசாரித்தோ மருத்துவக் குழுவின் அறிக்கையைப் பெற்றோ அவற்றைப் பதிவுக்குக் கொண்டுவரும்படி உங்கள் வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லாதது பெரிய குறையல்ல. கூலி வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அடையாள அட்டை, உங்களை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்ததாரர் அல்லது மேஸ்திரியின் சாட்சியம் ஆகியவை சேர்ந்தால் நியாயமான தொகையை, உங்கள் வழக்கை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்கும். 20,000 முழுவதையும் ஏற்கும் என்று மட்டும் உறுதி சொல்ல இயலாது. முதல் தகவல் அறிக்கை லாரி ஓட்டுநர் மீதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கும் உண்டென்று முடிவானால் தொகை அந்த அளவுக்குக் குறையும்.

இனி சமரசம். மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு இறுதியானது, அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. பின்னாளில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் இவ்வழக்கை மீண்டும் திறக்க முடியாது. மறுபக்கம், வழக்கில் வென்றாலும் நிறுவனம் உயர் நீதிமன்றம் போகலாம். மனு தாக்கலான நாளிலிருந்து வட்டி கிடைப்பது வழக்கம் என்பதால் காத்திருப்பதால் பணம் கரைவதில்லை என்றாலும், கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது போதுமான ஆறுதலாகாது. வருமானம் 15,000, திறன் இழப்பு 25 சதவீதம் என்று நடுநிலையாக வைத்தால் 10,08,000 ரூபாய் வருகிறது. மருத்துவச் செலவைத் தனியாகத் தந்து, 9 லட்சத்துக்கு மேல் நிறுவனம் முன்வந்தால் நானாக இருந்தால் கையெழுத்திடச் சொல்வேன். கடன் நெருக்கினால் இன்னும் சற்று இறங்குவதிலும் தவறில்லை. அதற்கு முன், இந்தக் கணக்கை எழுத்தில் கொடுத்து, எந்த எண்ணை மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

(இன்னும் மனுவே போடாதவர்களுக்கு: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்யச் சொல்கிறது.)

பங்கு கேட்பவரைப் பற்றி. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் வழக்கறிஞருக்கே தடைசெய்கின்றன. அப்படியிருக்க, ஆள் பிடித்துத் தருபவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? இழப்பீடு தீர்ப்பாயத்தில் செலுத்தப்பட்டு உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவதே முறை. ஆகவே பாஸ்புக்கையோ ஏடிஎம் அட்டையையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ எவரிடமும் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரின் கட்டணத்தைத் தனியே பேசி, எழுத்தில் வாங்குங்கள். அவரை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைத் தர மறுக்கும் உரிமை அவருக்கு இல்லையென்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.