படத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன மாதம் அமிர்தி உயிரியல் பூங்காவில் ஒரு புள்ளிமானைப் படம் எடுத்தேன். கம்பிவேலி தெரியாதபடி வெட்டிவிட்டு, ‘ஜவ்வாது மலைக் காட்டில், ஆறு மணி நேரக் காத்திருப்புக்குப் பின்’ என்று எழுதி இணையத்தில் போட்டேன். இதுவரை என் எந்தப் படத்துக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. என் மாமா அதைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டிவிட்டார்.

அப்புறம்தான் லண்டன் வனவிலங்குப் படப் போட்டியில் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தையும் எறும்புத்தின்னிப் படத்தையும் பற்றிப் படித்தேன். இரண்டுக்கும் கொடுத்த பரிசைத் திரும்பப் பறித்துவிட்டார்களாம். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், படம் நன்றாக இருந்தால் போதாதா? கலைக்கு விளக்கம் எதற்கு? போட்டோஷாப்பில் ஒரு கிளையை அழித்தால் அதுவும் பொய்தானா? இன்னொன்று, தூரத்துப் பிராணிகளை எடுக்க 150-600 லென்ஸ் ஒன்றைத் தவணையில் வாங்கலாம் என்றிருக்கிறேன். வாங்கலாமா?

ச., ஆற்காடு

அன்புள்ள ச.,

லென்ஸை முதலில் முடித்துவிடுவோம். தவணையில் வாங்காதீர்கள். கிளையை அழிப்பதும் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் அவர்களுடைய விதியைப் படியுங்கள், வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் இஷ்டம். நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகையே 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்துப் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கித் தள்ளி வைத்தது. படம் அகலம், அட்டை நெட்டை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாமும் பேச வேண்டாம்.

ஆனால் ‘கலைக்கு விளக்கம் எதற்கு’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது. விளக்கம் வேண்டாம் என்கிறவர் ‘ஆறு மணி நேரக் காத்திருப்பு’ என்று ஏன் எழுதினீர்கள்? மானை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே. இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் எல்லாருமே படத்துக்குக் கீழே நாலு வரி எழுதி மாட்டிக்கொண்டவர்கள்தான். மாட்டுகிறவரைக்கும் விளக்கம் வேண்டும், மாட்டிய பிறகு கலை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. இரண்டு வாரத்துக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது என் சித்தப்பாவின் தகரப் பெட்டி கிடைத்தது. அன்றிலிருந்து இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன்.

சித்தப்பா வேலூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். லாங்கு பஜாருக்குப் பின்னால், ஒரு மாடியில். படி ஏறினால் முதலில் படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனை வரும், அப்புறம்தான் சித்தப்பா தெரிவார். சுவரில் இரண்டு சீனரித் திரைகள். ஒன்றில் காஷ்மீர் ஏரியும் படகும், இன்னொன்றில் நம் வேலூர்க் கோட்டை. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள், உடம்பு தேறி ஊர் திரும்பும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். நிஜக் கோட்டை பத்து நிமிஷ நடை. ஆனாலும் திரைக்கு முன்னால்தான் நிற்பார்கள். திரையில் இருந்த அகழி நிறையத் தண்ணீர், அதில் இரண்டு அன்னம். வேலூர் அகழியில் யார் அன்னம் பார்த்தார்கள்? ஆனால் எடுத்தவருக்கும் தெரியும், நின்றவருக்கும் தெரியும், ஊரில் வாங்கிப் பார்க்கிறவருக்கும் அது துணி என்று தெரியும். துணியின் கீழ் மடிப்பு படத்திலேயே விழுந்திருக்கும். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை.

அந்த ஸ்டுடியோவில் ஒரு மானும் இருந்தது. பாடம் பண்ணிய புள்ளிமான். எந்த ஜமீன் வீட்டு ஏலத்தில் எடுத்தாரோ தெரியாது. ஒரு கண்ணாடிக் கண் எப்போதோ விழுந்துவிட்டது. அந்தக் குழியில் பச்சைக் கோலிக்குண்டு ஒன்றை வைத்து அரக்கு ஊற்றி ஒட்டியிருந்தார். அதனால் மான் எப்போதும் வலக்கண்ணை மட்டும் காட்டி நிற்கும். கிட்டே போனால் பாச்சை உருண்டை நாற்றம். எனக்கு ஆறு வயதில் அதன் கழுத்தில் கை போட்டபடி எடுத்த படம் இருக்கிறது. வயிற்றுத் தையல் பிரிந்து வைக்கோல் தெரிந்த இடத்தை என் முழங்கால் மறைக்கும்படி உட்காரவைத்தார்.

அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஜவ்வாது மலையில் எங்கள் சித்தப்பா பிடித்துவந்த மான் என்று அளந்துவிட்டேன். ஆமாம், நீங்கள் எழுதிய அதே ஜவ்வாது மலை, அதே புள்ளிமான். மூன்று நாள் வகுப்பில் நான்தான் ராஜா. நாலாம் நாள் ஒருத்தன், அதே மானோடு தன் தங்கச்சி நிற்கிற படத்தைக் கொண்டுவந்துவிட்டான்.

உங்களைத் தூங்கவிடாத எறும்புத்தின்னிக்கு நேர்ந்ததும் இதேதான். பிரேசிலில் எமாஸ் தேசியப் பூங்கா, இரவு. கரையான் புற்றில் வண்டுப் புழுக்கள் பச்சைப் பொட்டுகளாக மின்னுகின்றன, பக்கத்தில் ஒரு எறும்புத்தின்னி. மார்சியோ கப்ரால் எடுத்த அந்தப் படத்துக்கு 2017-இல் ஒரு பிரிவின் பரிசு கிடைத்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள், பூங்காவின் பார்வையாளர் மையத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கும் எறும்புத்தின்னி மாதிரியே இருக்கிறதே என்று. போட்டியை நடத்தும் லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் ஐந்து விஞ்ஞானிகளிடம் தனித்தனியாகக் காட்டியது. கழுத்து ரோமம் எங்கே சிலிர்த்திருக்கிறது என்பது வரை ஒத்துப்போனது. அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மூலக் கோப்புகளைக் கப்ரால் கொடுத்தார். ஒன்றில்கூட எறும்புத்தின்னி இல்லை. 2018 ஏப்ரலில் பரிசு போயிற்று. அவர் மறுத்தார். 2009-இல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படமும் அப்படித்தான். ஹோசே லூயிஸ் ரோட்ரிகஸ் எடுத்தது. ஓநாய் ஒரு கேட்டைத் தாண்டிக் குதிக்கும். காட்டு ஓநாய் என்றால் இடுக்கில் நுழைந்து போயிருக்குமே, எதற்குக் குதிக்கிறது என்று கேட்டார்கள். மாட்ரிட் பக்கத்து விலங்குப் பூங்காவில் பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் விருதைப் பறித்தார்கள். அவரும் மறுத்தார்.

இரண்டு படங்களையும் இப்போது எடுத்துப் பாருங்கள். அழகு ஒரு துளி குறையவில்லை. ‘பழக்கிய ஓநாய்’ என்று எழுதிவிட்டு அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் சுவரில் மாட்டலாம். அந்தப் போட்டிக்குத்தான் அனுப்ப முடியாது.

சூழ்ச்சி செய்து எடுப்பதும் தப்பில்லை. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வன அதிகாரி இருந்தார். 1920-களில் வட இந்தியக் காடுகளில் புலித் தடத்தின் குறுக்கே கம்பி கட்டிவைப்பார். புலியின் கால் பட்டதும் வெளிச்சம் வெடித்து, கேமரா தானே படம் எடுத்துக்கொள்ளும். எடுத்தவர் அந்த இடத்திலேயே இல்லை! ஆனால் எப்படி எடுத்தேன் என்று ஒளிக்காமல் புத்தகமாகவே எழுதிவைத்தார். நம்மிடம் மா. கிருஷ்ணன் இருந்தார். யானையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்று செய்துகொண்டவர். 1950-இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் ஆரம்பித்த பத்தியை 1996-இல் சாகும்வரை எழுதினார். பிராணி என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். தான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது அல்ல.

அந்த ஆறு மணி நேரத்துக்கு மறுபடி வருகிறேன், என்னால் விடமுடியவில்லை. வேலியை வெட்டியதை மன்னித்துவிடலாம். அமிர்தியை ஜவ்வாது மலை என்றதைக்கூட, பூங்கா அந்த மலையடிவாரத்தில்தானே இருக்கிறது என்று ஒரு வக்கீல் வாதாடிவிடுவார். ஆறு மணி நேரத்துக்கு வாதமே கிடையாது. அது காத்திருந்தவனுடைய கூலி. படம் கிடைக்காமல் திரும்புகிறவனுக்கு அது ஒன்றுதான் மிச்சம். நீங்கள் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு குட்டை ஓரத்தில் நான் கரடிக்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் கூட்டிப்போனார். இலுப்பைப் பூ உதிரும் காலம், கரடி கட்டாயம் வரும் என்றார். மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். மூன்றரைக்குக் கால் மரத்துப்போனது. கட்டெறும்பு ஒன்று சட்டைக்குள் புகுந்து முதுகில் கடித்தது, கையைத் தூக்கமுடியாமல் கடிபட்டேன். நாலரைக்கு இரண்டு ஆடுகள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயின. இருட்டியதும் எழுந்தோம். கரடி வரவே இல்லையே என்றேன். “அது அப்பவே வந்துட்டுப் போச்சு சாமி. நீ இருமினே பாரு, அப்ப” என்றார் பெரியவர். என்னிடம் இருப்பது காலிக் குட்டையின் படம் ஒன்றுதான். அதற்குக் கீழே ‘நாலரை மணி நேரம்’ என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அதை நான் யாருக்கும் இரவல் தரமாட்டேன்.

சரி, எல்லா உண்மையையும் எழுதவேண்டுமா என்றால், வேண்டாம். தீபாவளி நெருங்கினால் மாந்திரீகத்துக்கென்று ஆந்தைகளைப் பிடிக்கிற நாடு இது. ஆந்தைக் கூட்டை எங்கே பார்த்தோம் என்று மரத்தோடு எழுதுகிறவனைப் போன்ற முட்டாள் கிடையாது. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானை இறங்கினாலும் அப்படித்தான், இடம் தெரிந்தால் அரை மணியில் பைக்கில் ஐம்பது பேர் நிற்பார்கள். ஆகவே இடத்தை மறைக்கலாம், மாற்றக்கூடாது. ‘வட ஆற்காட்டில் ஓரிடம்’ என்று எழுதுங்கள், போதும். தேதியை மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அன்று எடுத்த படங்கள் ஒவ்வொரு மழைக்கும் ‘இன்று காலை பாலாறு’ என்று என் போனுக்கு வருகின்றன. ஆற்றில் ஒரு வருஷம் வந்த தண்ணீர் வாட்ஸ்அப்பில் வற்றுவதே இல்லை.

தகரப் பெட்டியைப் பற்றி ஆரம்பித்தேன் அல்லவா. அதில் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இதே படம் பெரிதாக மாட்டியிருந்ததால் எனக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம் என்று நினைத்திருந்தேன். முந்தாநாள்தான் கையில் வைத்து உற்றுப் பார்த்தேன். தாத்தாவின் மூக்கு நிழல் இடப்பக்கம் விழுகிறது, பாட்டியின் மூக்கு நிழல் வலப்பக்கம். தாத்தாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது, பாட்டிக்கு அறுபது தாண்டியிருக்கிறது. தாத்தாவின் தோளை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, பிரஷ்ஷால் மறைக்கப் பார்த்து முழுதாக மறையாத கோடு. படத்தைத் திருப்பினேன். சித்தப்பாவின் பென்சில் எழுத்து: ‘அப்பா, 1948 குரூப் படத்திலிருந்து. அம்மா, 12-1-74, ஸ்டுடியோவில். சேர்த்தது நான்.’

அத்தையிடம் போனில் கேட்டேன். தாத்தா 1961-இலேயே போய்விட்டார், இருவரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை, பாட்டிக்கு அது ஒரு குறையாகவே இருந்தது என்றார். சித்தப்பா படத்தைச் சேர்த்து முடித்ததும், டச்சிங் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, “நெத்தியில ஒரு பொட்டு வெச்சுடட்டுமாம்மா?” என்று கேட்டாராம். “வேணாம்டா. அவரு போயிட்டது எனக்குத் தெரியாதா” என்றாளாம் பாட்டி.

பெட்டியில் இருந்த படங்களை எல்லாம் அன்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மான் படத்தின் பின்னாலும் எழுதியிருந்தது: ‘பாடம் செய்த மான். பையன் நிஜம்.’

நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இணையத்தில் போட்டதைத் திருத்துங்கள். நாலு பேர் திட்டுவார்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். மாமா மாட்டிய படத்தைக் கழற்ற வேண்டாம், மான் அழகாகத்தான் இருக்கிறது. பிரேமைத் திருப்பி, அமிர்தி, தேதி, வேலிக்கு வெளியே நின்று எடுத்தது என்று எழுதுங்கள். சித்தப்பா பேனாவைத் தொடவிடமாட்டார், மை ஊறி முன்பக்கம் முகத்தில் தெரியும் என்பார். இப்போதைய பேப்பரில் பென்சில் பிடிக்காது, அதனால் பின்னட்டையில் எழுதிவிடுங்கள். அப்புறம், அந்த வேலிக்குப் பக்கத்தில் நிஜமாக எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கடிதத்தில் எங்குமே சொல்லவில்லை. எனக்கு எழுதுங்கள்.