சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை, மணிக்கூலி. குறைந்தபட்சக் கூலி ஏறினால்தான் எங்களுக்கும் ஏறும். 2025 மார்ச்சில் 27.58 ராண்டிலிருந்து 28.79 ஆனது, அதாவது மணிக்கு 1 ராண்ட் 21 சென்ட் அதிகம். சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்கில் எங்கள் மாகாண சட்டமன்றத்தில் இருக்கும் 80 பேருக்கும் ஆளுக்கு வருடம் 12 லட்சம் ராண்டுக்கு மேல் என்றார். அவர்களே கை தூக்கி அவர்களுக்கே கூட்டிக்கொள்கிறார்களாம். தமிழ்நாட்டிலும் அப்படித்தான் என்றார் இன்னொருவர். எனக்கு வயிறு எரிகிறது. மக்கள் சேவை என்றால் சம்பளம் எதற்கு? சம்பளமே கிடையாது என்று ஆக்கிவிட்டால் காசுக்காக வருகிறவர்கள் வரமாட்டார்கள் அல்லவா? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள், எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபத்தில் பாதியை அப்படியே ஏற்கிறேன், மீதிப் பாதியோடு எனக்கு வழக்கு உண்டு.

முதலில் தமிழ்நாடு. அங்கே உங்கள் நண்பர் சொன்னது சரிதான். இந்திய அரசமைப்பின் 195ஆம் பிரிவு, மாநில சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை அந்தச் சட்டமன்றமே சட்டம் போட்டுத் தீர்மானிக்கலாம் என்கிறது. 2017 ஜூலையில் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆனது அப்படித்தான். டெல்லியில் தமிழ்நாட்டு விவசாயிகள் கடன் தள்ளுபடி கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்த மாதம் அது. அந்தத் தொகை நியாயமா என்று ஒரு நாள் முழுக்க வாதாடலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வாங்குகிற கையே எழுதுகிற கையாகவும் இருக்கிறது என்பது.

நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. 1996 அரசமைப்பின் 219ஆம் பிரிவு, பதவியில் இருப்பவர்களின் ஊதியத்தைப் பரிந்துரைக்கத் தனியாக ஒரு சுதந்திர ஆணையம் வேண்டும் என்கிறது. 1997இல் அதற்கான சட்டம் வந்தது, 1998இல் ஊதியத்துக்கான சட்டம் வந்தது. அந்தப் பதவியின் பொறுப்பு என்ன, விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது, அரசின் கையில் பணம் இருக்கிறதா, சமூகத்தில் மற்றவர்கள் பொதுவாக என்ன வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் ஆணையம் பார்த்தாக வேண்டும். பிறகு ஜனாதிபதி அந்தப் பரிந்துரையைப் பரிசீலித்து அரசிதழில் அறிவிக்கிறார். மாகாண உறுப்பினர்களைப் பொறுத்தவரை அறிவிக்கப்படுவது மேல்வரம்புதான்: இதற்கு மேல் ஒரு சென்ட் கூடப் போகக்கூடாது, அதற்குள் எவ்வளவு என்பது மாகாணத்தின் வேலை. ஜனாதிபதியின் சம்பளத்தை ஜனாதிபதி எழுத முடியாது, அதை தேசிய சட்டமன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்கிறது. கை தூக்குவது என்று பார்த்தால் நம்முடைய வார்டு கவுன்சிலர்கள்தான் தூக்குகிறார்கள். அதுவும் நகராட்சியின் அளவைப் பார்த்து அமைச்சர் போட்ட வரம்புக்குள், மாகாண அமைச்சரின் சம்மதத்தோடு. ஆகவே உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 பேரும் தங்களுக்குத் தாங்களே கூட்டிக்கொள்வதில்லை.

சரி, அப்படியென்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? இல்லை. இங்கேதான் உங்கள் கோபத்தோடு சேர்ந்துகொள்கிறேன்.

என் பெரியம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் பென்ஷன் சீட்டுகளையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். முதியோர் உதவித்தொகையைத்தான் நம் வீடுகளில் பென்ஷன் என்கிறோம், உங்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் அது 2,090 ராண்டிலிருந்து 2,180 ஆனது, அக்டோபரில் இன்னொரு 10 ராண்ட். அந்த 90 ராண்ட் வந்த வாரம் நான் அவர் சமையலறையில் இருந்தேன். மின்சார டோக்கனுக்கு இவ்வளவு, சமையல் எண்ணெய்க்கு இவ்வளவு, கோயில் உண்டியலுக்குப் பத்து ராண்ட் என்று பால் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். உண்டியல் பத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதினார். அந்த நிதியாண்டில் நாடாளுமன்ற, மாகாண உறுப்பினர்களுக்குக் கிடைத்த உயர்வு 2.5 சதவீதம். பெரியம்மாவுக்குக் கிடைத்தது நாலு சதவீதத்துக்கு மேல். சதவீதத்தைப் பார்த்தால் பெரியம்மாதான் அதிர்ஷ்டசாலி. ராண்டில் போட்டுப் பாருங்கள். 12 லட்சத்தில் 2.5 சதவீதம் 30,000. பெரியம்மா அந்த வருடம் பன்னிரண்டு மாதமும் வாங்கிய மொத்த பென்ஷன் 26,220. ஒரு உறுப்பினருக்கு வந்த உயர்வு மட்டும் ஒரு கிழவியின் முழு வருடச் சாப்பாட்டை விடப் பெரிது! யாரும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று, பின்தேதி. 2022 ஜூனில் அரசிதழில் வந்த 3 சதவீத உயர்வு 2021 ஏப்ரல் 1இலிருந்து கணக்கு. ஒரு வருடத்துக்கும் மேற்பட்ட நிலுவை மொத்தமாகக் கையில் வந்தது. உங்கள் கிடங்கில் கூலி உயர்வு போன வருடத்திலிருந்து கணக்கு என்று யாராவது எப்போதாவது சொன்னதுண்டா? அப்புறம், ஆணையத்தின் சொல் வெறும் பரிந்துரை. ஜனாதிபதி அதைப் பார்த்தாக வேண்டுமே தவிர ஏற்றாக வேண்டும் என்றில்லை. நாட்டின் நிலைமை பார்த்துக் குறைத்துக் கொடுப்பதற்கு அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆளின் பேனாவை நம்பியிருக்கும் எந்த ஏற்பாடும் எனக்குப் பிடிக்காது.

இனி என் வழக்கு. சம்பளமே வேண்டாம் என்கிறீர்கள். அதை மட்டும் கேட்காதீர்கள், தம்பி.

நம் ஆட்கள் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியபோது ஒப்பந்தக் கூலி முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அடுத்த ஒவ்வொரு வருடமும் 1 ஷில்லிங் ஏறும். ஒப்பந்த கால உழைப்பு முழுவதற்கும் விலை, கரும்புத் தோட்டத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எழுதியாகிவிட்டது. 1895இல், அன்றைக்கு இங்கே இருந்த நேட்டால் காலனியின் சட்டமன்றம், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்குகிறவர்கள் ஆளுக்கு வருடம் 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அந்த 10 ஷில்லிங் கணக்கில் ஆறு மாதக் கூலி. அந்தச் சபையில் உட்கார்ந்தவர்களில் கரும்பு வெட்டியவர் ஒருவர்கூட இல்லை. 1913 வேலைநிறுத்தம் வரை போய்த்தான் அந்த வரியை ஒழிக்க முடிந்தது. சம்பளம் இல்லாத சட்டமன்றம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அதுதான்: சொத்து உள்ளவர்கள் மட்டும் உட்காரக்கூடிய சபை.

கதை சொல்லவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டமன்ற உறுப்பினருக்கு வருடம் 100 டாலர், 1889இலிருந்து அதே தொகை, அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். டெக்சாஸில் வருடம் 7,200 டாலர், 1975இலிருந்து ஏறவில்லை. கிடங்கில் பெட்டி தூக்குகிற ஒருவர் அங்கே உறுப்பினராக முடியுமா? வேறு வருமானம் உள்ளவர்கள்தான் போக முடியும்.

எங்கள் தெருவில் தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் மெஷினில் உட்கார்ந்த ஒரு அம்மாவை வேட்பாளர் பட்டியலில் போடக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் கணவர் கேட்ட முதல் கேள்வி, வாடகையை யார் கட்டுவது? சம்பளம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தப் பேச்சு அடுத்த வாக்கியத்துக்கே போனது.

காசுக்காகப் போகிறார்கள் என்ற கசப்பு நம்மிடையே எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். 1984இல் வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று தனிச் சபை வைத்துத் தேர்தல் நடத்தியது. பதிவு செய்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார்கள், என் அப்பா போகவில்லை. அதில் போய் உட்கார்ந்தவர்களைச் சம்பளத்துக்கு விலைபோனவர்கள் என்று அப்பா கடைசி வரை திட்டினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சபையின் குற்றம் அது யாருக்காக அமைக்கப்பட்டது என்பதில் இருந்தது, சம்பளத்தைப் பிடுங்கியிருந்தால் அது நல்ல சபையாக ஆகியிருக்காது.

அப்படியென்றால் நான் என்ன கேட்கிறேன்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் செய்ததை. 1998இல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு அரசமைப்பைத் திருத்தினார்கள். அங்கே உறுப்பினர்களின் அடிப்படைச் சம்பளம், மாநிலத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்களுக்கு அதற்கு மேல், பாதிக்கு அதற்குக் கீழ்) எப்படிப் போகிறதோ அதைப் பின்பற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். மக்கள் வருமானம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். 2011இலும் 2013இலும் நிஜமாகவே இறங்கியது. இந்திய எம்.பி.க்களுக்கும் 2018இலிருந்து விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிட்டார்கள், அந்தக் கணக்கில் மாதம் 1 லட்சம் ரூபாய் 1,24,000 ஆனது. விலைவாசியோடு கட்டுவதில் ஒரு குறை, அது ஏறத்தான் ஏறும். மக்கள் வருமானத்தோடு கட்டினால் உறுப்பினரின் வயிறும் நம் வயிறும் ஒரே கயிற்றில் இருக்கும். நம் ஆணையம் உங்கள் 1 ராண்ட் 21 சென்ட்டையும் பெரியம்மாவின் 90 ராண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சதவீதத்தில் இல்லாமல் ராண்டிலேயே உறுப்பினர் உயர்வைக் கணக்கிட வேண்டும் என்பது என் ஆசை. பின்தேதியும் ஒழிய வேண்டும். அமெரிக்க மத்திய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களின் சம்பளம் மாறினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். 1789இல் முன்மொழிந்து 1992இல்தான் அந்தத் திருத்தம் நிறைவேறியது, இருநூறு வருடத்துக்கு மேல் பிடித்தது, ஆனாலும் வந்துவிட்டது.

எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். அரசிதழ் அரசாங்க இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு பதவிக்கும் எவ்வளவு என்று அட்டவணையாக இருக்கும். போனில் இறக்கிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டுங்கள். முதல் பக்கங்களின் சட்ட மொழி தலையைச் சுற்றும், அதை விட்டுவிட்டு நேராக அட்டவணைக்குப் போங்கள். புரியாத வரி இருந்தால் எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா