பீட்டில்ஸுக்கு முன்னால்: 1960-63 பாப் பாட்டுகள், கேள்வி பதில்

கே: எல்விஸ் ராணுவத்துக்குப் போனதிலிருந்து பீட்டில்ஸ் வரும்வரை பாப் இசையில் சரக்கே இல்லை என்கிறார்களே, சார்?

ப: பீட்டில்ஸே அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். 1963இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஷிரெல்ஸ் குழு ஏற்கெனவே பாடிய பாட்டுகள் இரண்டு இருக்கின்றன. நியூ ஜெர்ஸியில் பள்ளித் தோழிகளாக இருந்த நான்கு கறுப்பினப் பெண்கள்தான் ஷிரெல்ஸ். 1961 ஜனவரியில் 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாட்டால் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். மெட்டமைத்த கரோல் கிங்குக்கு அப்போது 18 வயது. வரிகள் அவர் கணவர் ஜெரி காஃபினுடையவை. இன்றிரவு காதலிக்கிறாய், நாளைக்கும் காதலிப்பாயா என்று ஒரு பெண் நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. அந்தக் காலத்து வானொலியில் அது பெரிய துணிச்சல்.

கே: கிங்கும் காஃபினும் பிரில் பில்டிங்கில்தானே வேலை பார்த்தார்கள்?

ப: பாட்டெழுதுகிறவர்களும் இசைப் பதிப்பகங்களும் நிறைந்திருந்த பிரில் பில்டிங் இருப்பது நியூயார்க்கில், 1619 பிராட்வேயில். இவர்கள் எழுதிக்கொடுத்த ஆல்டன் மியூசிக் என்ற பதிப்பகம் அதே தெருவில் 1650ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம்.

கே: 'ஹீஸ் எ ரெபெல்' பாட்டைக் கிரிஸ்டல்ஸ் பெண்கள் குழு பாடவே இல்லையாமே, அண்ணா?

ப: ஆமாம் தம்பி, பாடியது டார்லீன் லவ். 1962இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்கு ஒரே அவசரம், ஏனென்றால் அதே பாட்டை இன்னொரு நிறுவனமும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார், கிரிஸ்டல்ஸ் அங்கே இல்லை. அதனால் ஸ்டுடியோக்களில் பின்னணி பாடிக்கொண்டிருந்த பிளாசம்ஸ் குழுவையும் அதன் முன்னணிக் குரலான டார்லீனையும் வைத்துப் பதிவு செய்து, கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வெளியிட்டார். பாட்டு முதலிடத்துக்குப் போனது. டார்லீனுக்குக் கிடைத்தது பாடியதற்கான கூலி மட்டும். கிரிஸ்டல்ஸோ தாங்கள் பாடாத பாட்டை மேடைக்கு மேடை பாட வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் அநியாயம். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் டார்லீனுக்கு இடம் கிடைக்க 2011 வரை ஆனது. இந்தப் பாட்டைப் பகிர்கிறவர்கள் தயவுசெய்து அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

கே: 'தி ட்விஸ்ட்' சப்பி செக்கரின் சொந்தப் பாட்டா?

ப: ஹாங்க் பல்லார்டின் பாட்டு. செக்கரின் பதிவு 1960இலும் 1962இலும் இரண்டு தடவை முதலிடம் பிடித்தது.

கே: ஆங்கிலம் அல்லாத பாட்டு எதுவும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததா?

ப: 1963இல் மட்டும் இரண்டு. ஜூனில் கியூ சகமோட்டோ ஜப்பானிய மொழியில் பாடிய 'சுகியாகி', டிசம்பரில் பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஒருவர் பிரெஞ்சில் பாடிய 'டொமினிக்'. சகமோட்டோ விசிலடிக்கிற இடத்துக்கு மொழியே வேண்டாம்.

கே: புதிதாகக் கேட்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

ப: ரோனெட்ஸ் என்ற பெண்கள் குழுவின் 'பி மை பேபி', 1963. ஹால் பிளேனின் டிரம்ஸோடு தொடங்கும். எதைக் கேட்டாலும் மோனோ பதிவாக, அதாவது ஸ்டீரியோ இல்லாத ஒற்றைத் தட ஒலியாக, தேடுங்கள். அந்தக் காலத்து சிங்கிள்கள் கார் ரேடியோவிலும் சின்ன டிரான்சிஸ்டரிலும் ஒலிப்பதற்காக ஒலிக்கலவை செய்யப்பட்டவை. அப்புறம், மலிவான தொகுப்புகளில் அதே பாடகர்கள் பல வருடம் கழித்துத் திரும்பப் பாடிய பதிவுகள் நிறைய வரும். வெளியான வருடத்தைப் பார்த்து எடுங்கள்.