மர நிழலில் ஒரு காளான் படுக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காளான் வளர்க்க ஆசை. ஆனால் தனி அறை, ஆவியில் வேகவைக்கும் கலன் எதுவும் என்னிடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மர நிழலில் கொஞ்சம் இடம் மட்டும் இருக்கிறது. அங்கே முடியுமா? எதில் தொடங்குவது?

தாராளமாக முடியும். மட்கிய மரத்திலும் சருகிலும் காளான் காலம் காலமாக வளர்ந்து வருவது வெட்டவெளியில்தான். அறை நமக்குத் தருவது கட்டுப்பாடு. வெளியே அது கிடையாது. எத்தனையோ பூசணங்களின் ஸ்போர்கள், அதாவது விதை போன்ற நுண்துகள்கள், காற்றில் எந்நேரமும் மிதக்கின்றன. அதனால் வெளியே சுத்தத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, வேகத்தை நம்ப வேண்டும். மற்ற பூசணங்கள் இடம் பிடிப்பதற்குள் நம் காளானின் வெள்ளை இழை படுக்கை முழுவதும் ஓடிவிட வேண்டும். கீழே நான் சொல்கிற பெரும்பாலான யோசனைகள் இதற்காகத்தான்.

எந்தக் காளான் என்பதை உங்கள் வெயிலும் கையில் கிடைக்கும் பொருளும் முடிவு செய்யட்டும். மரச்சில்லு நிறைய கிடைக்கிறது, வெயில் கடுமையில்லை என்றால் ஒயின் கேப் என்ற கருஞ்சிவப்புக் குடைக் காளான். வெக்கையான இடம், வைக்கோல் கிடைக்கிறது என்றால் வைக்கோல் காளான். 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் பிடிக்கும். வெட்டிய கட்டைகளும் பொறுமையும் இருந்தால் ஷிடாகே. சிப்பிக் காளானும் வெளியே வரும், ஆனால் வித்து (காளான் இழை ஓடிய தானியம் அல்லது மரத்தூள்) வாங்கும்போது வெப்பத்துக்கு ஏற்ற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பட்டன் காளான் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பக்குவமாக மட்கவைத்து வெப்பமூட்டிய உரம் வேண்டும், மேலே மண் மூடாக்கும் வேண்டும். முதல் முயற்சிக்கு அது அதிகம்.

மரச்சில்லுப் படுக்கை அமைப்பதை விவரமாகச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படுக்கை இது. தொடங்குபவர் செய்யும் சின்னச் சின்னத் தவறுகளை ஒயின் கேப் அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும் காளான் குறைவு.

முதலில் சில்லைப் பாருங்கள். அண்மையில் வெட்டிய, அகன்ற இலை மரத்தின் சில்லு நல்லது. மாதக்கணக்கில் குவிந்து கிடந்த சில்லில் ஏற்கெனவே வேறொரு பூசணம் குடியேறியிருக்கும். அதில் வித்துப் போட்டால் நம் காளான் தோற்றுப் போகலாம். வண்ணம் பூசிய மரம், பூச்சி மருந்து ஏற்றிய மரம் இரண்டையும் அறவே தொடாதீர்கள். மண்ணிலும் மரத்திலும் உள்ள கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் குணம் காளானுக்கு உண்டு. சாலையோர மண்ணிலும் படுக்கை போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சில்லை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து நீரை வடித்துவிடுங்கள். களையை வெட்டிவிட்டு, வண்ண அச்சில்லாத பழுப்பு அட்டையை, ஒட்டு நாடாவை உரித்துவிட்டு, நனைத்துத் தரையில் பரப்புங்கள். அதன் மேல் 5 செ.மீ. சில்லு, கொஞ்சம் வித்து, மறுபடி சில்லு, மறுபடி வித்து, கடைசியில் மூடாக்காகச் சில்லு. மொத்தம் 15 செ.மீ. உயரம் போதும். இடையில் நனைந்த வைக்கோல் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நல்லது. வைக்கோல் எளிதில் செரிக்கும் என்பதால் இழை அதில் வேகமாக ஓடும்; சில்லு மெதுவாகச் செரிக்கும், படுக்கையும் நீண்ட நாள் நிற்கும்.

வித்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஒரு பை வித்தை 4 சதுர மீட்டருக்குத் தூவிவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதையே 1 சதுர மீட்டரில் போட்டால் இழைகள் சீக்கிரம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பிறகு படுக்கையைப் பெரிதாக்க, அதிலிருந்தே ஒரு கூடை இழை ஓடிய சில்லை எடுத்துப் புதுச் சில்லில் கலந்தால் போதும்.

அப்புறம் ஈரம். மேற்பரப்பு காய்ந்திருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். நான் எப்போதும் சில்லை விலக்கி விரலை உள்ளே விட்டுத்தான் பார்ப்பேன். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகினால் நிறுத்துங்கள். அழுகல் நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள்; மேலே கொஞ்சம் கிளறிவிட்டு, நீர் வடிய வழி செய்யுங்கள்.

காளான் தலைகாட்ட இரண்டு மாதமும் ஆகலாம், ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இடையில் சில்லை விலக்கிப் பாருங்கள். கயிறு கயிறாக வெள்ளை இழை தெரிந்தால் படுக்கை நன்றாக இருக்கிறது. நல்ல மழைக்குப் பிறகு, கருஞ்சிவப்புக் குடைகள் சில்லை முட்டித் தள்ளிக்கொண்டு எழும். குடை தட்டையாக விரியும் முன்பே பறியுங்கள். ஆண்டுக்கொரு முறை புதுச் சில்லு சேர்த்தால் அதே படுக்கை தொடர்ந்து தரும். மண்ணில் உள்ள நூற்புழுக்களையும் இந்தக் காளானின் இழை கொன்று தின்னும். காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே இதைப் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வைக்கோல் காளான் வித்து வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும்?

உடனே வெளியே எடுங்கள். மற்ற பல காளான் வித்துகளுக்குக் குளிர் நல்லது, இதற்கு ஆகாது, இழை செத்துவிடும். அறை வெப்பத்தில் வைத்து, கூடிய சீக்கிரம் பயன்படுத்த வேண்டும். பறித்த காளானுக்கும் இதே கதைதான், ஃபிரிட்ஜில் நீர் விட்டுக் குழைந்து போகும். அன்றே சமைத்துவிடுங்கள்.

ஷிடாகே வித்து அடைத்த கட்டைகள் ஆறு மாதமாகச் சும்மா கிடக்கின்றன. செத்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. கட்டையில் ஷிடாகே வர 6 முதல் 18 மாதம் வரை ஆகும். வெட்டுமுகத்தைப் பாருங்கள்: வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் இழை உள்ளே ஓடிவிட்டது. அதன் பிறகு கட்டையை ஒரு நாள் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து நிழலில் சாய்த்து வைத்தால் மொட்டு விடத் தூண்டலாம். அதுவரை கட்டை காய்ந்து பிளக்காமலும் பட்டை உரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை போனால் ஈரமும் போய்விடும்.

படுக்கையில் பச்சைத் திட்டு வந்திருக்கிறது. ஓரத்தில் மெல்லிய குடைகள் முளைத்து, சீக்கிரமே கறுப்பு மையாக உருகுகின்றன. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?

வேண்டாம். உருகுபவை மைக்குடைக் காளான்கள். வைக்கோலிலும் எருவிலும் சகஜமாக வரும். கிள்ளி எறியுங்கள். பச்சைத் திட்டு அநேகமாக டிரைக்கோடெர்மா என்ற பூசணம். உள்ளங்கை அளவு என்றால் அந்த இடத்தை மட்டும் அள்ளித் தூரப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள். படுக்கை முழுக்கப் பரவிவிட்டால் எருக்குழியில் சேர்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

என் படுக்கையில் வருவது நான் விதைத்த காளான்தானே? நம்பிச் சாப்பிடலாமா?

இப்படி நினைத்துக்கொள்வதுதான் எனக்குப் பயம். வெட்டவெளிப் படுக்கையில் எதுவும் முளைக்கலாம். மரச்சில்லில் வரும் சின்னப் பழுப்புக் காளான்களில் கலெரினா என்ற வகை உயிரைக் கொல்லும். வைக்கோல் காளானின் முட்டைப் பருவம் (குடை விரியும் முன் முட்டை போல இருக்கும் நிலை), கொடிய நஞ்சுள்ள அமானிடா ஃபலாய்டஸின் முட்டைப் பருவம் போலவே உறைக்குள் இருக்கும். இந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொதுவாக 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும், அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும்.

எனவே ஒவ்வொரு காளானையும் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு குடையை முழுக்க விரியவிட்டு ஸ்போர் அச்சு எடுங்கள்: தண்டை நீக்கி, குடையின் அடியில் உள்ள மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விடுங்கள். வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்புத் தூள் விழும், அமானிடாவுக்கு வெள்ளை. ஒயின் கேப்புக்குக் கருஊதா, கலெரினாவுக்குத் துருப்பழுப்பு. நிறம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. குடை, தண்டு, தண்டைச் சுற்றிய வளையம், தண்டின் அடியில் உள்ள உறை எல்லாம் பொருந்த வேண்டும். வைக்கோல் காளானை வைக்கோலிலிருந்து மட்டும் பறியுங்கள், பக்கத்து மண்ணிலிருந்து வேண்டாம். அமானிடா மர வேர்களோடு சேர்ந்து வாழ்வது, மண்ணிலிருந்து எழும்.

முதல் அறுவடையை இந்தக் காளானை நன்றாக அறிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் சமையுங்கள். நன்றாக வேகவைத்து, முதல் தடவை கொஞ்சமாகவே சாப்பிடுங்கள். தவறான காளானைச் சாப்பிட்டோமோ என்ற சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மொட்டு வந்த மறுநாளே நத்தைகள் பாதியைத் தின்றுவிடுகின்றன. என்ன மருந்து போடலாம்?

மருந்து வேண்டாம். அந்த மருந்து பட்ட காளானை நீங்கள்தானே சாப்பிடப் போகிறீர்கள்! மொட்டு தெரிந்ததும் இருட்டிய பிறகு டார்ச்சோடு போய்ப் பொறுக்கி எடுங்கள். படுக்கை ஓரத்தில் ஈரமான பலகை ஒன்றைக் கிடத்தினால் விடியும் நேரத்தில் அதனடியில் ஒதுங்கும், அள்ளிவிடலாம். மொட்டு எழும் நாட்களில் மாலையில் தண்ணீர் தெளிக்காமல் காலையில் தெளியுங்கள்.