உவகை, களிப்பு, பூரிப்பு எல்லாம் ஒன்றுதானா?

உவகை, களிப்பு, பூரிப்பு, பரவசம் எல்லாமே மகிழ்ச்சிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வழிகாட்டிகளில் இவற்றை ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள். எனக்கு இது ஆறாத விஷயம்.

என் மகள் எட்டாம் வகுப்பில் 'என் பாட்டி' என்று ஒரு கட்டுரை எழுதினாள். தான் பரிசு வாங்கியதைக் கண்டு "பாட்டி பூரித்துப் போனார்" என்று அதில் ஒரு வரி. ஆசிரியர் அதை அடித்துவிட்டு "களிப்படைந்தார்" என்று திருத்தியிருந்தார். நேரில் போய்க் கேட்டேன். "பூரிப்பு பேச்சு வழக்கு சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

ஒன்றே இல்லை. பூரிப்பு உடம்பிலேயே தெரியும். அன்று அந்தப் பாட்டி, அதாவது என் அம்மா, பரிசுக் கோப்பையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார், பேச்சே வரவில்லை. அதற்கு வேறு சொல் கிடையாது.

களிப்போ கள் குடித்த மயக்கத்தையும் குறிக்கும். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் (குறள் 923), பெற்ற தாய் முகத்தின் முன்னாலேயே களி கசக்கும், சான்றோர் முன் என்ன ஆகும் என்கிறார் வள்ளுவர். அதே தாய், மகனைச் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்கும்போது 'பெரிதுவக்கும்' (குறள் 69). இரண்டிலும் தாய், இரண்டிலும் சான்றோர், ஆனால் சொல் மாறுகிறது. தொல்காப்பியமும் எட்டு மெய்ப்பாடுகளில் (உணர்ச்சி வெளிப்பாடுகளில்) ஒன்றாக உவகையைத்தான் வைக்கிறது. பரவசம் இன்னும் வேறு, தன்வசம் இழந்த நிலை அது.

உடனே 1281-ஆம் குறளைக் காட்டி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'உள்ளக் களித்தல்' என்று காதலுக்கும் அவரே பாடியிருக்கிறார், தெரியும். களிப்பு கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. பூரிப்பு இருந்த இடத்தில் அதை ஏன் கொண்டுவர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. பரீட்சை நெருங்கினால் அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பைத்தான் கணக்குக்குத் தாரைவார்ப்பார்கள். கேட்டால் "தமிழ்தானே, வீட்டிலேயே படிச்சுக்குவாங்க" என்பார்கள். வயிறு எரிகிறது.

சரி, உங்கள் தேர்வுக்கு வருவோம். பொருள் கேட்டால் எல்லாவற்றுக்கும் மகிழ்ச்சி என்றே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். வாக்கியத்தில் அமைக்கச் சொன்னால் மட்டும் தாய்க்குப் பூரிப்பையோ உவகையையோ கொடுங்கள்.