போன வருஷம் கொட்டிக் கொடுத்த வீட்டுத் தோட்டம் இந்த வருஷம் ஏன் காய்க்கவே இல்ல?

"அதே மண்ணு, அதே விதை, அதே தண்ணி, பாத்துக்கிட்டதும் அதே நான் தான். போன வருஷம் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் கொடுத்தேன், இந்த வருஷம் ஒரு கிலோ தேறல, நான் என்ன தப்பு பண்ணேன்"னு கேட்டிருக்கீங்க. படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா மூணு வருஷம் முன்னாடி இதே கேள்வியை நான் என்னையே கேட்டுக்கிட்டு ராத்திரி தூங்காம கிடந்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் விவசாயம் படிச்சவ இல்ல. வீட்ல இருந்தே கணக்கு எழுதுற வேலை பாக்குறேன், பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு, நாலு பாத்தி. அவ்வளவு தான் என் அனுபவம். ஏக்கர் கணக்குல பண்றவங்க வந்து திருத்தினா ஏத்துக்குவேன்.

நீங்க "ஏன் காய்க்கல"ன்னு கேக்குறீங்க. என்னைக் கேட்டா "போன வருஷம் ஏன் அப்படி காய்ச்சுது"ன்னு தான் முதல்ல கேக்கணும். நல்லா வந்த வருஷத்துக்கு நாம காரணமே தேடுறதில்ல, நம்ம உழைப்புன்னு நினைச்சுக்கிறோம். 2021ல நான் பன்னெண்டு தக்காளி செடி வச்சேன், ஒவ்வொண்ணும் கொம்பு தாங்காம சாயுற அளவுக்கு காய்ச்சுது. வீட்ல எல்லாரும் பாராட்டினாங்க, எனக்கும் அவ்வளவு பெருமை. ஆனா அந்த பாத்தி அதுக்கு முன்னாடி பல வருஷம் சும்மா கிடந்த இடம். இலை தழையெல்லாம் விழுந்து மக்கி கிடந்துச்சு, தக்காளி குடும்பத்து செடி ஒண்ணு கூட அங்க வளந்ததில்ல, அதனால அந்த குடும்பத்துக்குன்னு இருக்குற நோயும் பூச்சியும் அங்க வந்து சேரவே இல்ல. முதல் வருஷம் நிறைய பேருக்கு நல்லா வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம். அது எனக்கு தெரியாது. அதே இடத்துல, அதே பன்னெண்டு குழி, 2022லயும் தக்காளி வச்சேன். போதாததுக்கு தெரிஞ்சவங்க ஒருத்தர் ஆசையா கொடுத்த கத்தரி நாத்தையும் பக்கத்துல நட்டேன்.

நாத்து நல்லா பிடிச்சு வந்துச்சு, இடுப்பு உயரம் வந்து பூ எடுத்துச்சு. அப்பறம் ஒரு நாள் மதியம் ஓரத்துல இருந்த ஒரு செடி தலையைத் தொங்கப் போட்டுச்சு. சாயந்திரம் பாத்தா நிமிந்து நிக்குது. வெயில் தான்னு நினைச்சு தண்ணி அதிகமா ஊத்தினேன். மறுநாளும் அதே. நாலாவது நாள் நிமிரவே இல்ல, இலை ஒண்ணு கூட பழுக்கல, பச்சையாவே துவண்டு செத்துப் போச்சு. அடுத்த வாரம் பக்கத்து செடி. அப்பறம் அடுத்தது. நான் ஊத்தின தண்ணி ஒரு பக்கமா ஓடுமில்ல, அந்த வரிசையில தான் ஒண்ணொண்ணா விழுந்துச்சு. அப்ப அது எனக்குப் புரியல. பன்னெண்டுல ஒம்பது போச்சு. கத்தரியும் போச்சு.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொன்னாங்க. வேப்பம் புண்ணாக்கு போடுங்க, மோர் ஊத்துங்க, எப்சம் உப்பு போடுங்க. எல்லாம் பண்ணேன். கடைசியா எங்கயோ படிச்சுட்டு, சாகுற செடியோட தண்டை அடியில வெட்டி, கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணி எடுத்து, வெட்டின முனை மட்டும் தண்ணியில படுற மாதிரி தொங்க விட்டுப் பாத்தேன். ரெண்டு மூணு நிமிஷத்துல வெட்டின இடத்துல இருந்து வெள்ளையா புகை மாதிரி நூல் நூலா இறங்குச்சு. அது தான் பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியான்னு ஒரு கிருமி. தண்டுக்குள்ள தண்ணி ஏறுற குழாயை அது அடைச்சுடும், அதனால தான் மண்ணு ஈரமா இருந்தும் செடி தாகத்துல சாகுது. நான் தண்ணி ஊத்த ஊத்த கிருமியை அடுத்த செடிக்கு கூட்டிட்டுப் போய் விட்டிருக்கேன். சூடும் ஈரமும் சேந்த மண்ணு தான் அதுக்கு கொண்டாட்டம். அந்த கத்தரி நாத்தோட வேர் மண்ணுல வந்திருக்கும்கிறது என் கணக்கு. கொடுத்தவங்க மேல தப்பு சொல்லல, நாத்து பாக்க நல்லா தான் இருந்துச்சு.

இதுக்கு மருந்து கிடையாது. மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம், எதை வச்சாலும் பிடிக்கும். செத்த செடியை வேரோட பிடுங்கி வெளிய போட்டேன், உரக்குழியில போடல. மண்வெட்டியைக் கழுவாம அடுத்த பாத்திக்கு கொண்டு போறதை நிறுத்தினேன். அந்த பாத்தியில இப்ப வரைக்கும் வெண்டை, பீர்க்கு, கீரை, சோளம் தான் மாத்தி மாத்தி வைக்கிறேன். தக்காளியை புது மண்ணு நிரப்பின பைக்கு மாத்திட்டேன்.

இப்ப யாராவது "இயற்கை முறையில பண்ணிருந்தா நோயே வந்திருக்காது"ன்னு சொல்ல வருவீங்க, தெரியும். நானும் இயற்கை முறையில தாங்க பண்றேன், ஒரு சொட்டு ரசாயனம் வச்சதில்ல. மண்ணு வளமா இருந்தா செடிக்கு எதிர்ப்பு சக்தி கூடும், அது உண்மை. அதுக்காக எந்த நோயும் வராதுன்னு சொல்றது, செடி செத்தவங்களைப் பாத்து நீ சரியா பண்ணலன்னு குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுது.

அடுத்த வருஷம் 2023. பையில வச்ச தக்காளி அருமையா வந்துச்சு. காயும் பிடிச்சுது. அந்த நேரத்துல தான் எங்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. அஞ்சு வாரம் அம்மாகூடவே இருந்தேன். தோட்டத்தை வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டுப் போனேன், பாவம் அவருக்கும் வேலை, மூணு நாள் மறந்துடுவாரு, நாலாவது நாள் ஞாபகம் வந்து பை வழிய வழிய ஊத்துவாரு. திரும்பி வந்து பாத்தா காயெல்லாம் மேல பாக்க நல்லா இருக்கு, திருப்பினா காம்புக்கு எதிர்ப்பக்கம் கருப்பா தோல் மாதிரி அமுங்கிக் கிடக்கு. உடனே எல்லாரும் சுண்ணாம்புச் சத்து பத்தல, முட்டை ஓடு போடுன்னு சொல்வாங்க. சத்துக்குறை தான், ஆனா காய்ல தான் குறை, மண்ணுல பெரும்பாலும் இருக்கும். அந்த சத்து தண்ணியோட சேந்து தான் காய்க்குப் போகும். ஒரு நாள் காய்ச்சல் ஒரு நாள் வெள்ளம்னு இருந்தா காய் வரைக்கும் போய்ச் சேராது. முட்டை ஓடு மக்க ரொம்ப நாள் ஆகும், எப்சம் உப்பு போட்டா அதுல இருக்குற மெக்னீசியம் போட்டிக்கு வந்து இன்னும் மோசமாகும். கெட்ட காயைப் பறிச்சுப் போட்டுட்டு, காஞ்ச இலையை மண்ணு மேல மூடாக்கா பரப்பி, தினம் அளவா தண்ணி விட்டேன், அடுத்து வந்த காய் சுத்தமா இருந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும். எனக்கு ரெண்டு அண்ணன். அந்த அஞ்சு வாரத்துல பெரியவர் ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்தாரு, சின்னவர் ஒரே தடவை. "நீ வீட்ல தானேம்மா இருக்க"ன்னு ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. வீட்ல இருந்து வேலை பாக்குறவளுக்கு வேலை இல்லன்னு யார் முடிவு பண்ணது? ராத்திரி அம்மா தூங்கினதுக்கு அப்பறம் மணி ஒண்ணு வரைக்கும் உக்காந்து கணக்கு முடிச்சுக் கொடுத்திருக்கேன். அம்மாவுக்கு செஞ்சதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, இன்னொரு தடவை வந்தாலும் செய்வேன். ஆனா அதெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த சின்ன அண்ணன், தோட்டத்தைப் பாத்துட்டு, "முன்னெல்லாம் என்னமா காய்ச்சுது, உன் கை ராசி போயிடுச்சு போல"ன்னாரு. அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறல.

அதனால தான் உங்க கேள்வியில "நான் என்ன தப்பு பண்ணேன்"ங்கிறதைப் பாத்ததும் பதில் எழுத உக்காந்தேன். கை ராசின்னு ஒண்ணு இருந்தா, 1815ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, 1816ல ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கமும் கோடையே வராம போச்சே, தலைமுறை தலைமுறையா பயிர் வச்சவங்க கண்ணு முன்னாடி ஜூன் மாசம் பனி விழுந்து பயிர் போச்சே, அவங்க எல்லார் கையும் ஒரே வருஷத்துலயா ராசி போச்சு? வருஷத்துக்கு வருஷம் வானம் ஒரே மாதிரி இருக்காதுங்க. தக்காளிக்கு பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் 24, 25க்கு கீழ இறங்கலன்னா பூ உதிரும், மகரந்தம் வேலை செய்யாது. அந்த மாதிரி ரெண்டு வாரம் சரியா பூக்குற நேரத்துல வந்தா போதும், செடி பச்சைப்பசேல்னு நிக்கும், காய் இருக்காது. நிழல் வலை போடலாம், பூ பூக்குற நேரத்தைத் தள்ளி விதைக்கலாம், மத்தபடி வெயில் இறங்குற வரைக்கும் காத்திருக்கணும்.

உங்க தோட்டத்துல என்ன ஆச்சுன்னு நீங்க எழுதல. முளைக்கலயா, முளைச்சு வளரலயா, வளந்து பூக்கலயா, பூத்து பிடிக்கலயா, பிடிச்ச காய் கெட்டுப் போச்சா? எந்த இடத்துல நின்னுச்சுன்னு பாத்தா பாதி பதில் அங்கயே கிடைச்சுடும். "காய்க்கல"ன்னு மொத்தமா ஒரே வார்த்தையில சொன்னா யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு ரெண்டு வருஷமும் காய்க்கல தான், ஒண்ணு கிருமி, ஒண்ணு தண்ணி.

நீங்க சொன்ன ஒவ்வொரு "அதே"வையும் கூட ஒரு தடவை சந்தேகப்படுங்க. அதே விதைன்னா போன வருஷ பாக்கெட்ல மிச்சமா, இல்ல பழத்துல இருந்து எடுத்ததா? ஹைபிரிட், அதாவது ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கின செடியோட பழத்துல எடுத்த விதை தாய் மாதிரி வராது. வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு குறைஞ்சுடும், தக்காளி விதை நாலஞ்சு வருஷம் தாங்கும். அதே மண்ணுன்னா அதுல போன வருஷம் காய்ச்சதெல்லாம் எடுத்துட்டுப் போன சத்தை திருப்பிக் கொடுத்தீங்களா? ரொம்பக் கொடுத்தாலும் வம்பு தான், கோழி எருவை அள்ளிப் போட்டா இலை இலையா வளருமே தவிர பூக்காது. சரியா மக்காத உரம் போட்டா அது மக்குறதுக்கே மண்ணுல இருக்குற தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கும், செடி வெளிறிப் போகும். அதே வெயில்னு சொல்லாதீங்க, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்குற மரம் ஒரு வருஷத்துல எவ்வளவு வளந்திருக்குன்னு நிமிந்து பாருங்க. காய்கறிக்கு தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும்.

பூசணி, பீர்க்கு, பாகல் மாதிரி கொடின்னா ஆண் பூ தான் முதல்ல வரும், அது உதிர்றது இயல்பு, பயப்படாதீங்க. பெண் பூவுக்குப் பின்னாடி குட்டிப் பிஞ்சு இருக்கும். அது பழுத்து விழுந்தா நோய்னு நினைச்சு மருந்து அடிக்கிறாங்க, முக்கால்வாசி நேரம் மகரந்தம் சேரல, அவ்வளவு தான். ஆண் பூவைப் பறிச்சு பெண் பூவுல நாமளே தடவி விடலாம். பூசணி, பாகலுக்கு விடியக்காலையில, பீர்க்குக்கு சாயந்திரம், ஏன்னா பீர்க்கம்பூ சாயந்திரம் தான் விரியும். காலையில போய் பீர்க்கம்பூ மூடியே இருக்குன்னு நானே ஒரு மாசம் ஏமாந்திருக்கேன்.

2023ல இருந்து ஒரு நோட்டு போடுறேன். விதைச்ச தேதி, முதல் பூ, முதல் காய், எந்த பாத்தியில எந்த குடும்பம், எப்ப வெயில் ஏறுச்சு. கணக்கு எழுதுறவளுக்கு அது சுலபமா வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி "போன வருஷம் இப்படி இருந்துச்சு"ன்னு நான் நினைச்சதுல பாதி ஞாபகப்பிசகு தான்னு இப்ப தெரியுது.

போன மாசம் சின்ன அண்ணன் போன் பண்ணாரு. அவரும் இப்ப கொஞ்சம் செடி வச்சிருக்காரு. "ஏம்மா, மிளகாய் இலையெல்லாம் சுருண்டுக்கிட்டே போகுது, பூவும் நிக்கல, என்ன பண்றது"ன்னாரு. இலை மேல் பக்கமா சுருளுதா கீழ் பக்கமா சுருளுதான்னு கேட்டேன். மேல சுருண்டா இலைப்பேன், கீழ சுருண்டா சிலந்திப்பூச்சி, ரெண்டுக்கும் செய்யுறது வேற. அதெல்லாம் பாக்கலையேன்னாரு. பாத்துட்டு சொல்லுங்கண்ணேன்னேன். ராத்திரி எட்டு மணி, டார்ச் எடுத்துட்டுப் போய் பாத்துட்டு பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டாரு. கீழ் பக்கமா தான் சுருண்டிருக்காம்.