தொட்டிக்குப் பின்னால் கிலுகிலுப்பை: அரிசோனா வீடுகளும் ராட்டில்ஸ்நேக்கும், கேள்வி பதில்

டூசான் பக்கம் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. பிழைப்பு கணினியில். மாலையிலும் வார இறுதியிலும், கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாம்பைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி (ஓரோ வேலி): தம்பி, மகள் வீட்டுக்கு ஆறு மாசம் வந்திருக்கிறேன். கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், பின்னாலிருந்து சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். மருமகன் ஸ்பிரிங்க்ளர் குழாய் கசிகிறது என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் காதுதான் சரி அம்மா. அது ராட்டில்ஸ்நேக், தமிழில் கிலுகிலுப்பைப் பாம்பு; சுருக்கமாக ராட்டில் என்போம். அந்தப் பெயரைக் கேட்டதும் குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி 'கிலுக், கிலுக்' என்று விட்டு விட்டுக் கேட்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வால் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் ஆடுவதால் நமக்கு அது ஒரே சீற்றமாகத்தான் கேட்கும். இன்னொரு வேடிக்கை, 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாம் நெருங்க நெருங்கப் பாம்பு ஆட்டத்தின் வேகத்தைத் திடீரென்று கூட்டுகிறது. அதனால் அது இருக்கும் தூரத்தைவிடப் பக்கத்தில் இருப்பதாக நம் காது ஏமாறுகிறது.

கேட்ட இடத்திலேயே நில்லுங்கள். எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகு எதிர்ப்பக்கம் நகருங்கள். தன் உடல் நீளத்தில் பாதிவரைதான் பொதுவாக எட்டிக் கொத்தும். ஆறடி தள்ளி வந்துவிட்டால் துரத்திக்கொண்டு வராது. தொட்டித் தட்டில் ஈரம், பின்னால் நிழல், சுவரோரம் எலி. அதற்கு வேறென்ன வேண்டும்? தீயணைப்புத் துறையைக் கூப்பிடச் சொல்லுங்கள்; இங்கே பல ஊர்களில் அவர்களே வந்து எடுத்துப் போவார்கள். வருகிறவரைக்கும் ஒருவர் தூரத்தில் நின்று அதன்மேல் கண் வைத்திருக்க வேண்டும். பார்வையிலிருந்து போய்விட்டால் தேடுவது பெரும்பாடு.

கேள்வி (டூசான்): சத்தம் போடாமல் கடிக்குமா அண்ணா?

கடிக்கும். மண்ணோடு மண்ணாகக் கிடந்து நம்மைத் தாண்டிப் போகவிடுவதுதான் அதன் முதல் தந்திரம். சத்தமெல்லாம் அது பலிக்காதபோதுதான். பிறந்த குட்டிக்கு வால் நுனியில் ஒரே ஒரு குமிழ்தான். உரசுவதற்கு இன்னொரு வளையம் இல்லாததால் ஓசையே வராது. கிலுகிலுப்பை ஒடிந்துபோன பெரிய பாம்பும் உண்டு. காதை நம்பி நடக்காமல் டார்ச்சை நம்பி நடங்கள்.

கேள்வி (மேசா): வளையத்தை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் சேரும், வருடத்துக்கு இரண்டு மூன்று முறைகூட உரிக்கும். நம் நகம் இருக்கிறதே, அதே கெராட்டின்தான். நகம் மாதிரியே ஒடியவும் செய்யும்.

கேள்வி (சாண்ட்லர்): ஊரில் கடிவாய்க்கு மேலே கயிறு கட்டுவோம். இங்கே கட்டலாமா? ஊரிலிருந்து விஷமுறிவு மருந்து கொண்டு வந்து வைத்துக்கொள்ளலாமா?

ஊரில் கற்றதில் பாதி இங்கே உதவும், மீதி ஆளைக் கொன்றுவிடும். டார்ச் எடுத்துப் போவது, கட்டையைப் புரட்டும் முன் தட்டிப் பார்ப்பது, இதெல்லாம் முதல் பாதி. கயிறு இரண்டாவது பாதி. ஊரிலேயே மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். இங்குள்ள பெரும்பாலான ராட்டில் விஷம் கடிபட்ட இடத்துச் சதையையும் இரத்தம் உறைவதையும் கெடுக்கும். கட்டுப் போட்டு அதை ஒரே இடத்தில் தேக்கினால் விரலோ கையோ போய்விடலாம்.

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். முதல் வேலை மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுவது. வீக்கம் கிடுகிடுவென்று ஏறும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீங்கிய விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மருத்துவருக்கு அந்தக் கோடு சொல்லும். அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்கள். கடிபட்டவர் தானே வண்டி ஓட்டக்கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, எந்த வகை ராட்டில் என்று பார்த்து இங்கே மருந்தை மாற்றுவதில்லை.

மருந்து கொண்டு வருவது பற்றி: இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்காக ஆனது. அதற்கு வேண்டிய விஷத்தை மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அருமையான வேலை, ஆனால் ராட்டிலுக்கு அது ஆகாது. இங்கே உள்ளவை குரோஃபேப், அனாவிப் என்ற இரண்டு. வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்கிற மருந்தும் இல்லை. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆஸ்பத்திரி வேண்டும்.

கேள்வி (அதே நண்பர்): பில் எவ்வளவு வரும்?

ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். அனாவிப் என்றால் தொடக்கமே பத்துக் குப்பி. காப்பீடு எவ்வளவு தாங்கும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். கடிபட்ட அன்றைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் செலவுக்குப் பயந்து 'வலி குறைகிறதா பார்ப்போம்' என்று நாலு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஆள் பிழைத்துவிட்டார், ஆள்காட்டி விரல் இன்றைக்கும் மடங்காது. அமெரிக்காவில் வருடத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. இறப்பவர்கள் சுமார் ஐந்து பேர். சீக்கிரம் ஆஸ்பத்திரி போவதால்தான் அது ஐந்தோடு நிற்கிறது.

கேள்வி (பீனிக்ஸ்): நாப்தலீன் உருண்டை, கந்தகம், பூண்டுத் தண்ணீர். எது நல்லது?

மூன்றும் உதவாது. நாப்தலீன் உங்கள் குழந்தைக்குத்தான் விஷம்.

போன ஆகஸ்டில் ஒரு தமிழ் வீட்டிலிருந்து அழைப்பு. கராஜில் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் நாலு, சுவரோரம் அடுக்கியிருந்தன. கடைசி மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டிருந்தது. வழிந்த அரிசிக்குப் பக்கத்தில், பிரிமணை மாதிரி சுருண்டு ஒரு டயமண்ட்பேக், ராட்டிலில் ஒரு வகை. கராஜ் கதவின் கீழ் ரப்பர் ஒரு மூலையில் தேய்ந்து, விரல் நுழையும் இடைவெளி. அரிசிக்கு எலி, எலிக்குப் பாம்பு, கதை அவ்வளவுதான். ரப்பரை மாற்றுங்கள், அரிசியை மூடியுள்ள டப்பாவில் கொட்டுங்கள், பறவைக்குத் தானியம் தூவுவதை நிறுத்துங்கள். வேலி போட வசதியிருந்தால் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை, மூன்றடி உயரம், அடியைச் சில அங்குலம் புதைத்து. செருப்பை வெளியே விடுகிற பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை, இருட்டில் குனிந்து கைவிட்டுத் துழாவாதீர்கள். தேளும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி (ஸ்காட்ஸ்டேல்): எந்த நேரத்தில் அதிகம்?

மார்ச், ஏப்ரலில் பகலில். ஜூன் முதல் சூரியன் விழுந்த பிறகு. நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டில் தரையில் கிடந்தால் அதுவே வெந்துவிடும், ஆகவே பகலில் நிழலில் ஒளிந்துகொள்ளும். பருவமழை நாள்களில் குட்டிகள் வேறு. இது முட்டையிடாது, குட்டிதான் போடும்.

கேள்வி (டூசான்): ஒன்றை அடித்தால் ஜோடி தேடி வருமா?

வராது. இரண்டாவது பாம்பு வந்தால் அது உங்கள் வீட்டு எலிக்காக வந்தது.

கேள்வி (டெக்சஸ், ஆஸ்டின்): சார், மண்வெட்டியால் தலையைத் துண்டித்துவிட்டேன். பையன் வால் கேட்கிறான். எடுத்துக் கொடுக்கலாமா?

தலை எங்கே? அதை முதலில் சொல்லுங்கள். வெட்டிய தலை ஒரு மணி நேரம் கழித்தும் கடிக்கும். 2018இல் உங்கள் டெக்சஸிலேயே ஒருவர் வெட்டிய பாம்பை அப்புறப்படுத்தக் குனிந்தார், தலை கையைக் கவ்வியது. இருபத்தாறு டோஸ் மருந்து ஏறியது அவருக்கு. நீளமான மண்வெட்டியால் தள்ளிக் குழிதோண்டிப் புதையுங்கள். வால் இன்றைக்கு வேண்டாம். இனிமேல் அடிக்கவும் வேண்டாம் சார். சும்மா இருந்தால் போய்விடுகிற பாம்பின் பக்கத்தில் மண்வெட்டியோடு போய்க் கடி வாங்குகிறவர்கள் இங்கே நிறைய.

கேள்வி (மரானா): பிடித்ததை எங்கே விடுகிறீர்கள்? பத்து மைல் தள்ளி விட்டால் என்ன?

பத்து மைல் தள்ளி விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். தண்ணீர் எங்கே, குளிர்காலப் பொந்து எங்கே என்று தெரியாமல் அலைந்து, சாலையில் நசுங்கும். பக்கத்திலேயே, வீடுகள் இல்லாத பாறைச் சரிவில் விடுகிறேன். சில சமயம் திரும்பி வரும். அதற்குத்தான் ரப்பரை மாற்றச் சொன்னேன்.

கேள்வி (ஓரோ வேலி அம்மா மறுபடியும்): தம்பி, தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். மருமகன் இப்போது கறிவேப்பிலையையே எடுத்துப் போடச் சொல்கிறார்.

செடி என்ன பாவம் செய்தது? சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், மத்தியான வெயிலுக்கு ஒரு நிழல்துணி கட்டுங்கள். தண்ணீர் ஊற்ற மருமகனையே அனுப்புங்கள், ஷூ போட்டுக்கொண்டு.